காருக்கு அடியில் மரக்கட்டை: எது தாங்கும், எது கவிழ்க்கும்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய காரைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை இல்லை. இது தெரிந்தவர்கள்கூட "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று ஜாக்கி மேலேயே நிற்கிற காருக்கு அடியில் தலையை விட்டுவிடுகிறார்கள். காரோடு கொடுக்கிற திருகு ஜாக்கி ஸ்டெப்னி மாட்டுகிற கொஞ்ச நேரத்துக்காகச் செய்தது, அதன் அடித்தட்டு ஒரு உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆயில் ஜாக்கி என்றால் உள்ளே இருக்கிற சீல்தான் எண்ணெயை அடக்கி மொத்த எடையையும் பிடித்திருக்கிறது. அது கசிந்தால் கார் மெதுவாக இறங்கும், பிய்ந்தால் மெதுவாக இறங்காது. அதனால் ஜாக்கியால் தூக்கி, அசையாத ஒன்றின் மேல் காரை இறக்கி வைத்துவிட்டு, அப்புறம்தான் அடியில் போக வேண்டும். அந்த அசையாத ஒன்றை மரத்தில் நாமே செய்துகொள்ள முடியும், ஆனால் அது எதனால் நிற்கிறது என்று தெரியாமல் செய்தால் ஜாக்கியைவிட மோசமாகப் போய்விடும்.

நம்ம பக்கம் இதற்குத் தேவை கூடிப்போய்விட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையிலும் அதற்குப் பின்னால் வந்த தாமிரபரணி வெள்ளத்திலும் திருநெல்வேலிக்குள்ளேயே எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அதற்கப்புறம் அடிப்பக்கத்துச் சேற்றைக் கழுவுகிறேன், துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கியவர்கள் நிறைய. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் இருக்கிறவர்களுக்கு வெள்ளமே வேண்டாம், உப்புக் காற்றே போதும். இப்படி அடியில் புகுந்து செய்கிற வேலைக்கு வீட்டில் கிடைத்ததை எல்லாம் முட்டுக் கொடுப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது: நாலு செங்கல், ஒரு ஹாலோ பிளாக், பழைய உரல், தென்னந்தடி.

முதலில் எடை எவ்வளவு என்று பார்ப்போம். ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் மாதிரி சின்னக் கார்கள் 700 முதல் 900 கிலோ வரை, இன்னோவா 1,600 கிலோவுக்கு மேல். முன்னால் எஞ்சின் இருக்கிற கார்களில் எடையில் சுமார் 60 சதவீதம் முன் சக்கரங்களில்தான் விழும். ஆக 900 கிலோ கார் என்றால் முன்பக்கம் 540 கிலோ, ஒரு முன் சக்கரத்துக்கு 270 கிலோ. கேட்கப் பெரிதாக இருக்கிறது, மரத்துக்கு இது ஒன்றுமே இல்லை. வெளிநாடுகளில் விபத்து மீட்புப் பணிக்காரர்கள் நொறுங்கிய வண்டிகளுக்கும் இடிந்த கட்டடங்களுக்கும் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித்தான் முட்டுக் கொடுக்கிறார்கள். பைன் மாதிரி மெது மரத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற கணக்கு, கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படுகிற இடத்தில் சதுர இஞ்ச்சுக்கு 500 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ. 3 இஞ்ச் சதுரக் கட்டைகளை அடுக்குக்கு இரண்டு வீதம் குறுக்கே மாற்றி மாற்றி வைத்தால் நாலு இடத்தில் மரம் மரத்தைத் தொடும், ஒவ்வொன்றும் 9 சதுர இஞ்ச். ஒரு இடத்துக்கு 2,000 கிலோ, நாலுக்கும் சேர்த்து 8,000 கிலோ. நம்ம காரின் முன் மூலை 270 கிலோ! மரம் நசுங்கிவிடுமோ என்கிற பயத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

அப்படியானால் கட்டையில் நிறுத்திய கார் ஏன் விழுகிறது? கட்டை நசுங்கி விழுவதில்லை, சாய்ந்து விழுகிறது. மேலிருந்து கீழே வருகிற எடைக்கு எல்லாரும் கணக்குப் போடுகிறோம், பக்கவாட்டில் வருகிற தள்ளலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். கட்டை அடுக்கின் அடி அகலத்தில் பாதியை எடுத்து உயரத்தால் வகுத்து, மேலே இருக்கிற எடையால் பெருக்குங்கள். வருகிற எண்தான் அந்த அடுக்கைக் கவிழ்க்கத் தேவையான பக்கவாட்டுத் தள்ளல் (மற்ற சக்கரங்கள் தரையில் இருப்பதால் கிடைக்கிற பிடிப்பைச் சேர்க்காமல் சொல்கிறேன், அதை நம்பி எதுவும் செய்யக்கூடாது). 4 இஞ்ச் அகலம், 12 இஞ்ச் உயரத்தில் ஒரு ஒற்றைக் கட்டையை நட்டுவைத்தால் 2-ஐ 12-ஆல் வகுத்து ஆறில் ஒரு பங்கு. 270 கிலோவில் ஆறில் ஒரு பங்கு 45 கிலோ. 45 கிலோ தள்ளல் என்பது என்ன? அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, துருப்பிடித்த போல்ட் ஒன்றை இரண்டு கையாலும் ஸ்பானரைப் பிடித்து, காலைத் தரையில் உதைத்துக்கொண்டு இழுக்கிற ஆள் அதற்கு மேலேயே கொடுப்பார். அதே 12 இஞ்ச் உயரத்தை 12 இஞ்ச் அகல அடியில் கட்டினால் 135 கிலோ வேண்டும். 12 இஞ்ச் அகலத்தில் 6 இஞ்ச் உயரம் மட்டும் கட்டினால் 270 கிலோ, அதாவது மேலே இருக்கிற மொத்த எடைக்குச் சமமான தள்ளல். மரம் மாறவில்லை, எடை மாறவில்லை, உயரமும் அகலமும் மட்டும்தான் மாறியிருக்கிறது.

மீட்புப் பணியில் அடி அகலத்தைப்போல மூன்று மடங்கு உயரம்வரைகூட அடுக்குவார்கள், அது பயிற்சி எடுத்தவர்கள் பல பக்கமும் முட்டுக் கொடுத்துச் செய்கிற வேலை. வீட்டு வாசலில் செய்கிற நமக்கு நான் சொல்கிற அளவு, உயரம் அடி அகலத்தைத் தாண்டவே கூடாது, பாதியாக இருந்தால் இன்னும் நல்லது. பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே அந்தக் காற்றை நம்பித்தான் காற்றாலையே நட்டிருக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கிற காரையே அது ஆட்டும்.

செங்கல்லுக்கு வருவோம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரில் எவ்வளவு எடை வேண்டுமானாலும் தாங்கும், ஏனென்றால் அங்கே சாந்து பூசி எடை பரவலாக இறங்குகிறது. காருக்கு அடியில் ஒரு சின்ன இடத்தில் எடை குத்தும். குத்தினால் செங்கல் விரிசல் விடும், விட்ட மறு நொடியே இரண்டாகப் போகும், முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாது. மரத்தைக் குறுக்கே படுக்க வைத்து அமுக்கினால் அது நசுங்கும், முனகும், "கிறீச்" என்று சத்தம் போடும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அமுங்கும். வெளியே வர நேரம் கிடைக்கும். மீட்புப் பணியில் இரும்பு போல இறுகிய மரத்தைவிட மெது மரத்தை விரும்புவதற்கு இதுவே காரணம், கடின மரம் அதிகம் தாங்கும், ஆனால் விடும்போது சட்டென்று விட்டுவிடும்.

இங்கே நார் ஓட்டம் என்கிற விஷயம் வருகிறது, இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மரத்தில் நார்கள் அடிமரத்திலிருந்து நுனி நோக்கி ஓடுகின்றன. அந்த ஓட்டத்தின் திசையில், அதாவது கட்டையை நட்டுவைத்து மேலிருந்து அமுக்கினால், படுக்க வைத்து அமுக்குவதைவிடப் பல மடங்கு தாங்கும். இதைக் கேட்டதும் "அப்ப நட்டுவைக்கலாமே" என்று தோன்றும். வேண்டாம். நட்டுவைத்த கட்டை நசுங்காது, பிளக்கும்; விறகு வெட்டும்போது துண்டை நிறுத்தி வைத்துத்தானே கோடாரியைப் போடுகிறோம்? அதோடு நட்டுவைத்தது ஒல்லியாக உயரமாக இருக்கும், மேலே போட்ட 45 கிலோ கணக்கில் போய் நிற்கும். அதனால் எடை தாங்கும் பலத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, கட்டைகளைப் படுக்க வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகிறோம். ஒரு அடுக்கு பிளக்க நினைத்தாலும் மேலேயும் கீழேயும் குறுக்கே ஓடுகிற கட்டைகள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

காரின் பக்கவாட்டுக் கீழ் விளிம்பில் ஜாக்கி வைக்கிற இடத்தைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த மெல்லிய உதடு ஒன்று கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த உதட்டைக் கட்டை மேல் இறக்கினால் அது கத்தி மாதிரி மரத்துக்குள் இறங்கும். உதடும் நார் ஓட்டமும் ஒரே திசையில் இருந்தால் கட்டை பிளந்தே விடும். அதனால் மேல் கட்டையின் நார் ஓட்டம் காரின் நீளத்துக்குக் குறுக்கே இருக்க வேண்டும். ஆசாரியிடம் சொல்லி அந்த உதடு உட்காருகிற அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டால் எடை உதட்டில் குத்தாமல் அதன் இரண்டு பக்கத்துத் தட்டையான இடத்தில் உட்காரும், காரும் நழுவாது.

ஆனால் என்னைக் கேட்டால், மரத்தில் செய்கிறவர்கள் இந்த விளிம்புக்கு அடியில் வைக்கிற ஸ்டாண்டைச் செய்யவே வேண்டாம். டயருக்கு அடியில் வைக்கிற மேடைதான் மரத்துக்கு ஏற்றது. காரணம் உயரம். அடியில் புகுந்து வேலை செய்யக் காரை 6 இஞ்ச் உயர்த்தினால் ஓரளவு போதும் என்று வைத்துக்கொள்வோம். டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஆக டயருக்கு அடியில் வைக்கிற மேடை 6 இஞ்ச் இருந்தால் போதும். விளிம்போ ஏற்கெனவே தரையிலிருந்து ஏழெட்டு இஞ்ச் உயரத்தில் இருக்கிறது, அதற்கு அடியில் வைக்கிற ஸ்டாண்ட் 13, 14 இஞ்ச் வேண்டும். ஒரே தூக்கலுக்கு இரண்டு மடங்கு உயரம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். டயர் ரப்பர் என்பதால் மரத்தின் மேல் கவ்விப் பிடிக்கும், எடையும் ஒரு இடத்தில் குத்தாமல் பரவும். துருப்பிடித்த விளிம்பு என்றால் இன்னொரு ஆபத்து, ஸ்டாண்ட் அசையாமல் நிற்கும், தகடு உள்ளே போய்விடும். கடற்கரைப் பக்கத்துக் கார்களில் இதை முதலில் குத்திப் பார்த்துவிட வேண்டும். சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் மாற்றுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் லாபமும் உண்டு, அந்த போல்ட்டுகளைக் கார் சக்கரத்தில் நிற்கிற நிலையில்தான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும், தொங்குகிற நிலையில் முறுக்கினால் புஷ் முறுகிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

சக்கரத்தையே கழற்ற வேண்டிய பிரேக் வேலைக்கு இந்த மேடை உதவாது. அதற்குக் கடையில் விற்கிற இரும்பு ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மரத்தை அங்கே காவலுக்கு வைத்துக்கொள்ளலாம்: இரும்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், காரைத் தொடாமல் ஒரு இஞ்ச் இடைவெளி விட்டு ஒரு கட்டை அடுக்கு, கூடவே கழற்றிய சக்கரத்தையும் விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள்.

சரி, மேடை எப்படிச் செய்வது. மரக்கடையில் 4-க்கு 2 சட்டம் என்று கேட்டால் தெரியும். ஒரு அடி நீளத்துக்குத் துண்டு போட்டு, மூன்று துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 12 இஞ்ச் சதுரம். அதன் மேல் குறுக்கே மூன்று, அதன் மேல் மறுபடி முதல் அடுக்கின் திசையில் மூன்று. மூன்று அடுக்கு, ஒன்பது துண்டு, 6 இஞ்ச் உயரம். சின்னக் கார்களின் டயர் அகலம் 145 முதல் 185 மில்லிமீட்டர் வரை, அதாவது ஆறேழு இஞ்ச், ஆக இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கும். மேல் அடுக்கின் துண்டுகள் டயர் உருளுகிற திசைக்குக் குறுக்கே இருக்கட்டும். மேலே முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் ஒரு இஞ்ச் கனத்தில் ரீப்பர் துண்டு ஒன்றை வைத்து முடுக்கிவிட்டால் டயர் உருண்டு இறங்காமல் தடுக்கும். ஒரு மேடைக்கு அரை கன அடி மரம் ஆகும், இரண்டுக்கு ஒரு கன அடி. அறுக்கும்போதும் இழைக்கும்போதும் போகிற சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக் கேளுங்கள். வேம்பு மாதிரி மரத்தில் செய்தால் ஒரு மேடை சுமார் பத்து கிலோ இருக்கும், தூக்கி வைக்க முடியும். இன்னோவா மாதிரி அகல டயர் வண்டிக்கு 15, 16 இஞ்ச் சதுரமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆணி, ஸ்க்ரூ விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவை கட்டைகளை ஒன்றாகச் சேர்த்து வைக்க மட்டும்தான், காரின் எடை ஒரு கிலோகூட அவற்றின் மேல் விழக்கூடாது. மரத்தின் மேல் மரம், அதன் மேல் மரம், கடைசியில் தரை, எடை அப்படியே நேராக இறங்க வேண்டும். சில பேர் நாலு கால் வைத்து, மேலே பலகை அடித்து, குட்டி ஸ்டூல் மாதிரி செய்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், அதில் கால்கள் விரியாமல் பிடித்திருப்பது எல்லாம் ஆணிதான். அதில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், காரை வைக்கக் கூடாது. ஸ்க்ரூ போடும்போது ஒரே நார்க்கோட்டில் இரண்டைப் போடாமல் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள், முதலில் சின்னதாகத் துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாமே கட்டையைப் பிளந்து கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

எந்த மரம்? மரக்கடையில் இப்படித்தான் பேச்சு போகும்.

"என்ன அண்ணாச்சி, வாசக்காலுக்கா சன்னலுக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல அண்ணாச்சி, காருக்கு அடியில வைக்கதுக்கு."

"அப்ப தேக்கு எதுக்கு? வேம்போ பூவரசோ எடுத்துக்கிடுங்க. வெளிறு இல்லாம வைரமாப் பாத்து எடுங்க, கணு கெடந்தா தள்ளிருங்க."

அவர் சொல்வது முழுக்கச் சரி (வைரம் என்றால் மரத்தின் உறுதியான உள்பகுதி, வெளிறு என்றால் அதைச் சுற்றி இருக்கிற மெத்தென்ற வெளிப்பகுதி). தேக்கு நன்றாகத்தான் இருக்கும், வாசக்கால் செய்கிற மரத்தைக் காருக்கு அடியில் போட்டு ஆயில் பூசுவதற்கு மனசு வர வேண்டும். வேம்பில் நார்கள் கொஞ்சம் பின்னிப் பின்னி ஓடும், எளிதில் பிளக்காது. பூவரசும் அப்படித்தான், மாட்டு வண்டி வேலைக்கு ஆசாரிமார் எடுத்த மரம் அது. நாட்டுக் கருவேலம் கிடைத்தால் அதுவும் உறுதி, அறுக்கிறவர்தான் திட்டுவார். தைல மரம் காயக் காய முறுக்கிக்கொண்டு வெடிக்கும், வேண்டாம். சவுக்குக் கம்பு உருண்டை, அதை அடுக்கினால் உருளும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. தென்னை, பனைத் தடியைச் சிலர் வெட்டிப் போடுகிறார்கள், அவற்றுக்கு வைரம் வெளியே, உள்ளே எல்லாம் சோறு. முழுத் தடியாக உத்திரம் போட்டால் நிற்கும், துண்டு போட்டுப் படுக்க வைத்து மேலே எடையைக் குத்தினால் உள்ளே நொறுங்கி ஓடு மட்டும் மிஞ்சும்.

பழைய வீடு இடிக்கிற இடத்தில் உத்திரக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள். பல வருஷம் காய்ந்து இறுகிய மரம், இனிமேல் பெரிதாகச் சுருங்கவோ முறுக்கவோ செய்யாது. ஆனால் இரண்டு சோதனை செய்து பார்க்க வேண்டும். சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள், கணீரென்று கேட்டால் சரி, சத்தம் எங்கேயாவது பொத்தென்று அமுங்கினால் அங்கே உளுத்திருக்கிறது அல்லது கறையான் உள்ளே வீடு கட்டியிருக்கிறது. இரண்டாவது, உள்ளே மறைந்திருக்கிற பழைய ஆணி. மில்லில் வாள் அதில் பட்டால் நீங்கள் அந்த மில்லுக்கு மறுபடி போக முடியாது. செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மர மில்கள் உண்டு என்றாலும் இந்தச் சின்ன வேலைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, உள்ளூர் மரக்கடையில் மிஞ்சின துண்டுகளிலேயே இரண்டு மேடைக்குத் தேறிவிடும். சாமான் அடைத்து வருகிற பைன் மரப் பெட்டிகளைப் பிரித்துச் சட்டம் எடுக்கிறவர்களும் உண்டு, பலகை மெல்லிசாக இருக்கும், அடுக்கு எண்ணிக்கை கூடும், கணு நிறைய இருக்கும், அதெல்லாம் பார்த்துப் பொறுக்கினால் அதுவும் ஆகும்.

மேடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது நிற்கப்போவது தரையில். மானூர்ப் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்துக் கிடக்கும், ஒரு மழை பெய்தால் களியாகிவிடும், காலையில் சமமாக நின்ற கார் மாலையில் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் எந்தக் காலத்திலும் நகரும். இந்த இடங்களில் மேடைக்கு அடியில் இரண்டு அடிச் சதுரத்துக்குக் கனமான பலகை போடாமல் வேலையைத் தொடங்காதீர்கள், ஜாக்கிக்கு அடியிலும் போடுங்கள், முதலில் சரிவது பெரும்பாலும் ஜாக்கிதான். 12 இஞ்ச் மேடையில் 270 கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம்தான் ஆகிறது, சிமெண்ட் தளத்துக்கு அது தூசு. இரும்பு ஸ்டாண்டின் ஒல்லிக் கால்கள்தான் சித்திரை வெயிலில் இளகின தார் ரோட்டில் பதியும், அதற்கு அடியில் மரப்பலகை போட்டால் அந்தத் தொல்லையும் தீரும். சரிவான இடத்தில் எதைப் போட்டாலும் வேலை செய்யாதீர்கள்.

இப்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆயிரக்கணக்கான பேர் இழுக்கிற தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிற சில பேர்தான். காரில் நாம் எல்லாரும் ஹேண்ட்பிரேக்கை நம்புகிறோம், கியரை நம்புகிறோம். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிய நொடியில் அது காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். கியரும் அப்படியே. முன் சக்கர இழுவைக் காரில் ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் வந்தால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற பல்சக்கர அமைப்பு) அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டுவிடும், தரையில் இருக்கிற இன்னொரு சக்கரம் கியரை மதிக்காமல் உருளலாம். ஆகவே தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போதாது. ஆப்பு மாதிரி சாய்வாக, ஐந்தாறு இஞ்ச் உயரத்தில், டயர் அகலத்துக்கு மரத்தில் வெட்டினதாக இருக்கட்டும், வழியில் கிடந்த அரைச் செங்கல் வேண்டாம், டயர் அதன் மேல் ஏறிப் போய்விடும்.

எவ்வளவு விசையை இந்தக் கட்டை தடுக்க வேண்டியிருக்கும் என்றும் பார்த்துவிடலாம். ஸ்விஃப்ட் காரின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,450 மில்லிமீட்டர். முன்பக்கத்தை 6 இஞ்ச், அதாவது 150 மில்லிமீட்டர் ஏற்றினால், காரே ஒரு சின்னச் சரிவில் நிற்கிற மாதிரி ஆகிறது, எடையில் நூற்றுக்கு ஆறு பங்கு பின்னோக்கித் தள்ளும். 900 கிலோவுக்கு 55 கிலோ. வேலை நடக்கிற நேரம் முழுக்க ஒரு ஆள் காரைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுகிற முறை: கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டு, முன்பக்கம் ஒரு மூலையைத் தூக்குங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை 6 இஞ்ச் ஏற்றினால் கார் கோணலாகச் சாய்ந்து ஜாக்கியைப் பக்கவாட்டில் தள்ளும். அதனால் 2 இஞ்ச் கனத்தில், மேடை அளவுக்கே அகலமாக இரண்டு பலகை தனியாக வைத்துக்கொண்டு முதலில் இரண்டு பக்கமும் அதில் ஏற்றுங்கள், அப்புறம் மறுபடி வந்து பலகையை எடுத்துவிட்டு மேடையை வையுங்கள். தூக்கும்போது உடம்பு முதலில் எழும், சஸ்பென்ஷன் நீள்கிற வரைக்கும் டயர் தரையிலேயே இருக்கும், "இவ்வளவு தூக்கியும் டயர் எழும்பலையே" என்று பயப்பட வேண்டாம். அது நீண்டு முடிந்த பிறகுதான் டயர் கிளம்பும், காரோடு வந்த ஜாக்கிக்கு அந்த உயரம் எட்டாமல் போவதும் உண்டு, ஒரு ட்ரோலி ஜாக்கி இருந்தால் நிம்மதி. ட்ரோலி ஜாக்கி தூக்கும்போது ஒரு வளைவில் போகும், நேராக மேலே போகாது, அதனால் அதன் சக்கரங்கள் உருள இடம் விடுங்கள். மேடையைத் தள்ளும்போது கையை டயருக்கு அடியில் கொண்டுபோகாமல் ஒரு கம்பால் தள்ளி நடுவில் நிறுத்துங்கள். இறக்குவது மெதுவாக.

இரும்பு ஸ்டாண்டில் வைத்துச் சக்கரம் கழற்றுகிறவர்கள், வீல் நட்டை எல்லாம் கார் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். சின்னக் கார் வீல் நட்டு சரியாக முறுக்கியிருந்தாலே ஒரு அடி ஸ்பானரின் நுனியில் 30, 35 கிலோ அழுத்தம் கேட்கும், பஞ்சர் கடையில் நட்டு முடுக்குகிற மெஷின் கன்னில் போட்டு இறுக்கியது என்றால் ஸ்பானர் மேல் ஏறி நின்றால்தான் அசையும். அந்த வேலையைத் தூக்கிய காரில் செய்யக் கூடாது.

இறக்கியாயிற்றா? அடியில் போகிறதுக்கு முன்னால் காரைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள், மெதுவாகத் தொட்டு இல்லை, தோளைக் கொடுத்து. விழுகிறதாக இருந்தால் நாம் வெளியே நிற்கும்போது விழட்டும். ஜாக்கியை எடுத்துவிடாமல் லேசாகத் தொடுகிற அளவுக்குக் கூடவே விட்டு வையுங்கள். எஞ்சினை ஓட விடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கார் கதவைப் பூட்டிவிடுங்கள், உள்ளே ஏறிக் குதிப்பார்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது நல்லது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலாவது.

கட்டைகளுக்குப் பெயிண்ட் அடிக்கத் தோன்றும், அடிக்காதீர்கள். விரிசலை மறைத்துவிடும், மேல்பரப்பும் வழுக்கும். கழிவு ஆயில் பூசினால் கறையான் வராது என்று நம்ம ஊரில் ஒரு பழக்கம் உண்டு, வேலிக் கம்புக்குப் பூசுங்கள், இதற்கு வேண்டாம், டயர் வழுக்கும். ஆயில் சிந்தி ஊறிப்போன துண்டை மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் மண் தரையில் போட்டு வைக்காமல் சுவர் ஓரம் இரண்டு கல் மேல் தூக்கி வையுங்கள், ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் வெளியே பார்க்க முழுக்கட்டையாக இருக்கும், உள்ளே கறையான் புற்று. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நார் ஓட்டத்தில் தலைமயிர் கனத்துக்கு மேலோட்டமாக வருகிற வெடிப்பு காய்ந்த மரத்தில் இருக்கத்தான் செய்யும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போகிற வெடிப்போ, மேலிருந்து கீழ்வரை ஊடுருவுகிற வெடிப்போ வந்துவிட்டால் அந்தத் துண்டு முடிந்தது. முடிந்த துண்டை அப்படியே மூலையில் போட்டால் என்றைக்காவது அவசரத்தில் நாமோ வீட்டில் வேறு யாரோ எடுத்துக் காருக்கு அடியில் வைத்துவிடுவோம், அதனால் அன்றைக்கே கோடாரியால் சின்னதாகப் பிளந்து விறகோடு சேர்த்துவிடுங்கள்.